பச்சையெல்லாம் காடல்ல

கோத்தகிரி,
மார்ச் மாதம்.

அன்புள்ள நிலா,

நீ அனுப்பிய பட்டியல் கிடைத்தது. ஊட்டி ஏரி, தாவரவியல் பூங்கா, ரோஜா பூங்கா, தொட்டபெட்டா, பைன் ஃபாரஸ்ட், ஒன்பதாவது மைல், பைக்காரா, சிம்ஸ் பார்க், லாம்ப்ஸ் ராக், டால்பின்ஸ் நோஸ், கேத்தரின் அருவி, கொடநாடு, முதுமலை, மசினகுடி. கல்லூரித் தோழிகள் ஆறு பேர், ஒரு வாடகை வண்டி, மே மாதத்தில் இரண்டு நாள். எதை விடலாம், எதைச் சேர்க்கலாம் என்று கேட்டிருக்கிறாய்.

நேராகவே சொல்கிறேன் அம்மிணி. முக்கால்வாசியை விட்டுவிடு. மே மாதத்தில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும். அந்த நாட்களில் ஊட்டிக்குள் ஒரு மைல் நகர்வதற்கே பொறுமை வேண்டும். நீ போட்ட பட்டியலின்படி வந்தால் இரண்டு நாளில் பெரும்பகுதி வண்டிக்குள்ளேயே போய்விடும். ஒவ்வோர் இடத்திலும் இறங்கி, படம் எடுத்து, தேநீர் குடித்து, மறுபடி ஏறுவீர்கள். போன இடங்கள் எல்லாம் கைப்பேசியில் இருக்கும். மலையைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது.

உனக்கு இதை விரிவாக எழுத ஒரு காரணம் உண்டு. நீ சிவில் இன்ஜினியரிங் படிக்கிறாய். இன்னும் சில ஆண்டுகளில் எங்காவது ஒரு சரிவில் சாலையோ கட்டடமோ எழும்போது அதன் வரைபடத்தில் உன் கையெழுத்து இருக்கலாம். ஒரு மலையைச் சரியாகப் பார்க்கத் தெரிவது உனக்குப் பொழுதுபோக்கு மட்டுமல்ல, தொழிலும் கூட. அதனால் உன்னிடம் நான் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: இங்கே கண்ணில் படும் பச்சையெல்லாம் காடு என்று எண்ணிவிடாதே. எது மலையின் சொந்தப் பச்சை, எது கொண்டுவந்து நட்ட பச்சை, எதை நம்பி யார் வாழ்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள். அந்தக் கண் வாய்த்தால் நான்கு இடம் போதும். வாய்க்காவிட்டால் நாற்பது இடம் பார்த்தாலும் பயனில்லை.

முதலில், மே மாதம் வேண்டாம். ஜனவரியில், பொங்கல் விடுமுறைக் கூட்டம் கலைந்த பிறகு, வாரநாளில் வாருங்கள். வாடகை வண்டியும் வேண்டாம். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இங்கே இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு கோடையில் வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். இந்த எண்களைப் பார்த்தாலே மலைமேல் ஏறும் பாரம் எவ்வளவு என்று உனக்குப் புரியும். ஆறு பேருக்காக இன்னொரு வண்டி எதற்கு?

மேட்டுப்பாளையத்திலிருந்து காலை ஏழு மணியை ஒட்டிப் புறப்படும் மலை ரயிலில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். இடம் கிடைக்காவிட்டால் அரசுப் பேருந்து இருக்கவே இருக்கிறது. ரயில் கிடைத்தால் உனக்கு அது ஒரு முழு வகுப்பு. குன்னூர் வரை 1899-லும், ஊட்டி வரை 1908-லும் ஓடத் தொடங்கிய பாதை இது. 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களோடு சேர்த்தது. கல்லாறு முதல் குன்னூர் வரை இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை ஓடும். இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். பன்னிரண்டரை அடி போனால் ஓர் அடி ஏற்றம். இன்ஜின் முன்னால் நின்று இழுக்காது, பின்னால் நின்று தள்ளும். 46 கிலோமீட்டரில் 208 வளைவு, 16 குகை, 250 பாலம். தோழிகள் குகை வரும்போதெல்லாம் கூச்சல் போடட்டும். நீ பாலங்களைக் கவனி. இத்தனை பாலம் எதற்கு? சரிவில் இறங்கும் ஒவ்வோர் ஓடைக்கும் வழிவிட வேண்டியிருந்தது. அப்படி வழிவிட்டும் மழைக்காலத்தில் மண் சரிந்து இந்த ரயில் நிற்பது உண்டு. வழியே விடாமல் கட்டினால் என்ன ஆகும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கல்லாற்றில் பாக்குத்தோப்பு. அதற்கு மேல் அடர்ந்த மலைக்காடு. இன்னும் ஏறினால் தேயிலை. அதற்கும் மேலே யூகலிப்டஸ். சுமார் 330 மீட்டர் உயரத்தில் கிளம்பி 2,200 மீட்டரில் போய் இறங்குவாய். அந்த சில மணி நேரத்துக்குள் பச்சை எத்தனை முறை மாறுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வா.

இனி அந்தப் பச்சைகளைப் பற்றி.

இந்த மலையின் உச்சிப்பகுதிக்குச் சொந்தமானவை இரண்டு. சோலைக்காடு ஒன்று, புல்வெளி மற்றொன்று. மலை மடிப்புகளில், ஓடை பிறக்கும் இடங்களில் சோலை ஒண்டி நிற்கும். மரங்கள் வானுயர வளராது. குட்டையாக, முறுக்கிய கிளைகளோடு, பாசி போர்த்தி, ஒன்றோடொன்று நெருங்கி நிற்கும். சோலைக்கு வெளியே மேடெல்லாம் புல். பனிக்காலத்தில் அந்தத் திறந்தவெளியில் உறைபனி படியும். சோலை மரத்தின் இளங்கன்று அந்த உறைபனியில் தாக்குப்பிடிக்காது. ஆகவே சோலை சோலையாகவும் புல் புல்லாகவும் காலங்காலமாக எல்லை பிரித்து வாழ்கின்றன. இங்குள்ள சதுப்புகளில் படிந்த மட்கை ஆராய்ந்தவர்கள், இந்தப் புல்வெளிகளின் வயது இருபதாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் என்று கண்டிருக்கிறார்கள். மரத்தை வெட்டியதால் உண்டான வெற்றிடம் அல்ல இது; மலையின் ஆதிக்கோலங்களில் ஒன்று. வரையாடு மேய்வதும் குறிஞ்சி பூப்பதும் இந்தப் புல்வெளியில்தான். 2024-ல் எடுத்த கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதற்குமாக 1,031 வரையாடுகள் இருந்தன. அவற்றின் முக்கிய வாழிடங்களில் ஒன்று நம் முக்குருத்தி.

ஆங்கிலேயர் இந்தப் புல்வெளியைப் பார்த்து, வீணாகக் கிடக்கும் நிலம் என்று நினைத்தார்கள். ஊர் பெருகி விறகு தேவைப்பட்டபோது, ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸையும் சீகை என்று நாம் சொல்லும் வாட்டிலையும் 1840-களில் கொண்டுவந்து நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அது நிற்கவில்லை. தோல் பதனிடப் பட்டை வேண்டும், ஆலைக்குக் கூழ்மரம் வேண்டும் என்று நம் அரசே மேடுமேடாகப் புல்வெளியில் மரம் நட்டது. நட்டவர்கள் நல்லது செய்வதாக நம்பித்தான் செய்தார்கள். ஆனால் வாட்டில் நட்ட இடத்தோடு நிற்கவில்லை. தானே விதைத்துக்கொண்டு பரவிக்கொண்டே போகிறது. இன்று அதை அகற்றிப் புல்லை மீட்கும் வேலையில் வனத்துறை இறங்கியிருக்கிறது.

உன் பட்டியலில் உள்ள பைன் ஃபாரஸ்டுக்குப் போவதாக இருந்தால் ஒரு பரிசோதனை செய். மரத்தை அண்ணாந்து பார்ப்பதை விட்டு, காலடியைப் பார். ஊசியிலைப் படுகை மட்டும் இருக்கும். கீழே புதரோ செடியோ அதிகம் தென்படாது. அதன் பிறகு, கோத்தகிரியில் லாங்வுட் சோலைக்கு உங்களைக் கூட்டிப் போகிறேன். அங்கே காலடியில் மட்கிய இலை, அதில் காளான், அதன்மேல் பெரணி, மரத்தண்டில் ஆர்க்கிட், கிளையில் பாசி என்று ஓரங்குல இடம் காலியாக இராது. காட்டுக்கும் மரத்தோப்புக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரே நாளில் உனக்கு விளங்கிவிடும். பிறகு யாரும் உன்னை ஏமாற்ற முடியாது. இத்தனை மரத்தை வெட்டுகிறோம், அதைவிடப் பலமடங்கு நட்டுவிடுகிறோம் என்று ஒரு திட்ட அறிக்கை சொன்னால், எந்த மரம், எந்த இடத்தில் என்று கேட்பாய்.

லாங்வுட் சோலை பெரியதல்ல. 116 ஹெக்டேர்தான். சுற்றியுள்ள ஹட்டிகள் எனும் படுகர் ஊர்கள் பலவற்றுக்குக் குடிதண்ணீர் அதிலிருந்துதான் வருகிறது. ஊர் மக்களே குழு அமைத்து அதைக் காவல் காத்தார்கள். 2024-ல் ராம்சார் சாசனத்தின் கீழ் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. மரங்கள் அடர்ந்த ஒரு காட்டை ஈரநிலம் என்று அறிவித்திருக்கிறார்களே என்று வியக்காதே. உள்ளே போய் மண்ணைத் தொட்டால் காரணம் தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய பறவைகள் பல அதில் வாழ்கின்றன. நீலகிரிச் சிரிப்பானை நீங்கள் பார்ப்பதற்கு முன்பே அதன் குரல் கேட்கும். நுழைய வனத்துறையின் அனுமதி வேண்டும். உள்ளே பேச்சைக் குறைக்க வேண்டும். பாட்டுப் பெட்டி கூடவே கூடாது. அட்டை ஏறும். பயப்படாதே, உப்புப் பொட்டலம் நான் எடுத்து வருகிறேன்.

அங்கிருந்து கொடநாடு காட்சிமுனைக்குப் போகலாம். உன் பட்டியலில் இருக்கும் இடங்களில் இதை மட்டும் எந்தக் காரணத்தாலும் விடாதே. மேகம் விலகிய நேரத்தில் அங்கிருந்து கீழே பார்த்தால் மாயாற்றுப் பள்ளத்தாக்கு தெரியும். காட்டுக்கு நடுவே தெங்குமரஹாடா வயல்கள் தெரியும். தூரத்தில் பவானிசாகர் அணையின் நீர்ப்பரப்பு பளபளக்கும். அந்த நீர் யாருடையது? உன்னுடையது. முக்குருத்தி பக்கம் பிறக்கும் பைக்காரா, கீழே இறங்கி மாயாறாகி அந்த அணைக்கு வருகிறது. மேல்பவானியில் பிறக்கும் பவானி, கேரளத்துக்குள் போய் அட்டப்பாடியைச் சுற்றி மேட்டுப்பாளையம் வழியாக அதே அணையைச் சேர்கிறது. 1955-ல் கட்டி முடித்த அந்த அணையிலிருந்து கீழ்பவானி வாய்க்கால் 2,07,000 ஏக்கருக்குப் பாய்கிறது. அந்த ஏக்கர்களில்தான் நம் கவுந்தப்பாடி வயலும் இருக்கிறது. ஆகஸ்ட் 15-க்கு வாய்க்காலில் தண்ணீர் விடுவார்களா என்று உன் அப்பாரு நாள் எண்ணிக்கொண்டிருந்ததை நீயும் பார்த்திருக்கிறாய். அவர் எண்ணிய நாட்களின் மறுமுனை இந்தப் புல்லிலும் சோலையிலும் இருக்கிறது. மழைநீரைப் பிடித்து வைத்துச் சிறுகச் சிறுக விடுவது இவைதான். நம் மஞ்சளுக்கும் கரும்புக்கும் பாயும் தண்ணீரில் இந்த மலைக்குப் பங்கு உண்டு. ஆகவே நீ இங்கே வெறும் விருந்தாளியாக வரவில்லை. கடன்பட்டவளாக வருகிறாய்.

இப்போது ரயில் பாலத்துப் பேச்சுக்கு வருகிறேன். 2009 நவம்பரில் பெய்த மழையில் குன்னூர், கேத்தி, ஊட்டிப் பகுதிகளில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. சமவெளியின் பல ஊர்களில் ஓராண்டு முழுவதும் பெய்வது அதைவிடக் குறைவு. அவ்வளவு நீர் இறங்கும்போது அதற்கு வழி வேண்டும். சரிவின் அடியை வெட்டி வீடு கட்டி, ஓடையை மண்போட்டு மூடி, தடுப்புச் சுவரில் நீர் வடியத் துளைகூட விடாமல் எழுப்பினால், ஊறிய மண்ணின் பாரம் முழுவதும் அந்தச் சுவரைத் தள்ளும். இது உன் பாடப்புத்தகத்தில் சூத்திரமாக இருக்கிறது. இங்கே குன்னூர் சாலையில் நடந்தால் ஒவ்வொரு வளைவிலும் அதன் உதாரணம் இருக்கிறது. விரிசல் விட்ட சுவர் எது, துளைகளில் நீர் சொட்டும் சுவர் எது, சாய்ந்த மரம் எது என்று பார். மலைப்பகுதியில் கட்டடம் கட்டத் தனி விதிகள் ஏன் வைத்திருக்கிறார்கள் என்று எந்தப் பேராசிரியரும் சொல்லித்தர வேண்டியிராது.

அடுத்து மனிதர்கள். இதில்தான் உங்கள் வயதுப் பிள்ளைகளிடம் நான் மிகுந்த கவனம் கேட்கிறேன்.

இந்த மலையைக் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் கண்டுபிடித்தார் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பங்களா இன்று நினைவில்லமாக இருக்கிறது. போய்ப் பார்க்கலாம், நல்ல இடம். ஊட்டி ஏரியை வெட்டுவித்தவர் அவர். தோடர்களுக்கு இந்த நிலத்தில் உரிமை உண்டு என்று தம் அரசிடமே வாதாடியவரும் அவர். அவர் வாதாடினார் என்பதிலிருந்தே, அவர் வருமுன் இங்கே ஆட்கள் இருந்தார்கள் என்பது தெரியவில்லையா? தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று தமிழ்நாட்டில் மிகவும் நலிவுக்குள்ளாகக்கூடிய பழங்குடிகளாக அரசு வகைப்படுத்திய ஆறு குடிகளும் இந்த மாவட்டத்தில் வாழ்கின்றன. ஹட்டி ஹட்டியாக படுகர்கள் வாழ்கிறார்கள். எருமைப்பால், இரும்புக் கருவி, மட்பாண்டம், இசை, தானியம், தேன் என்று ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கி வாழ்ந்த சமூகம் இது. கோத்தர் பெண்கள் வனையும் பானையும் கோத்தர் ஆண்களின் இசையும் இல்லாமல் அந்தக் காலத்து மலைச் சடங்குகள் பல நடந்ததில்லை.

தோடர் குடியிருப்பான மந்துக்குப் போக வேண்டும் என்று உனக்கு ஆசை இருக்கும். போகலாம். ஆனால் அது வேறொருவர் வீட்டு வாசல். யாரேனும் ஒருவரிடம் கேட்டு, அவர்கள் வரச்சொன்னால் மட்டும் போ. வளைந்த கூரையும் சின்னஞ்சிறு வாயிலும் கொண்ட கோயிலைப் பார்த்ததும் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு ஓடாதே. யார் எதுவரை வரலாம் என்று அங்கே வரையறை இருக்கிறது. அவர்கள் சொல்லும் இடத்தில் நில், அதற்குமேல் ஓர் அடி வைக்காதே. அந்தக் கூரையை நன்றாகப் பார். சதுப்பில் மட்டும் வளரும் ஒருவகைப் புல்லால் வேய்ந்தது அது. இந்த மலைக்கே உரிய புல். சதுப்பு காய்ந்தாலோ, வாட்டில் ஏறினாலோ, தேயிலைக்காக மண் கொட்டினாலோ அந்தப் புல் கிடைக்காது. புல் இல்லாவிட்டால் கோயில் வேய முடியாது. எருமைக்கும் மேய்ச்சல் இல்லை. எருமை இல்லாத தோடர் சடங்கும் இல்லை. இயற்கை பார்க்க ஒரு நாள், பண்பாடு பார்க்க ஒரு நாள் என்று நீ பிரித்து எழுதியிருக்கிறாயே, அந்தப் பிரிவு இந்த மலையில் கிடையாது.

தோடப் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் செய்யும் பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோடு வரைந்துகொள்ளாமல் துணியின் இழைகளை எண்ணி எண்ணிப் போடும் வேலை. கடைவீதியில் அதே கோலத்தை இயந்திரத்தில் அச்சடித்து மலிவாக விற்பார்கள். அதை வாங்காதே. ஆறு பேரும் சேர்ந்து காசு போட்டு ஒரே ஒரு சிறு துணி வாங்கினாலும், அதைத் தைத்தவரின் கையில் காசு கொடுத்து வாங்குங்கள். விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசாதீர்கள்.

மந்துக்குப் போவதற்கு முன் ஊட்டி அருகே முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மைய அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். ஆறு குடிகளின் வீடுகளும் கருவிகளும் அங்கே உள்ளன. ஒன்றும் தெரியாமல் ஓர் ஊருக்குள் நுழைவதைவிட, கொஞ்சம் தெரிந்துகொண்டு நுழைவதே மரியாதை. பொங்கலுக்கு முன்பே, ஜனவரித் தொடக்கத்தில் வர முடிந்தால், படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக் காலமும் சேர்ந்துவரும். வெள்ளை உடையில் ஊர் ஊராக நடந்து வருவார்கள். ஓரமாக நின்று பார்க்கலாம், பிரசாதம் தந்தால் வாங்கிக்கொள்ளலாம். கீழ்க்கோத்தகிரிப் பக்கம் கரிக்கையூரில் பழங்காலப் பாறை ஓவியங்கள் இருக்கின்றன. சுற்றிப் பார்க்க வந்தவர்கள் அவற்றின்மேல் தங்கள் பெயரைக் கிறுக்கிச் சிதைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டதிலிருந்து என் மனம் ஆறவில்லை. அதனால் அங்கே உங்களை அழைத்துப் போகும் எண்ணம் எனக்கு இல்லை. எல்லா இடமும் எல்லோரும் பார்க்க வேண்டியதில்லை. சில இடங்களைப் பார்க்காமல் விடுவதும் அவற்றைக் காப்பதுதான்.

தேயிலைத் தோட்டத்தில் நின்று படம் எடுப்பீர்கள். எடுங்கள், அழகான இடம்தான். கொழுந்து பறிக்கும் பெண்ணைப் படம் எடுப்பதற்கு முன் அவரிடம் கேளுங்கள். முடிந்தால் அவர் ஊர் எது என்று கேளுங்கள். கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் தோட்டங்களில் பல குடும்பங்கள் இலங்கை மலையகத்திலிருந்து வந்தவை. தலைமுறைகளாக அங்கே தேயிலை பறித்தவர்கள், 1964-ல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் கடல் கடந்து இங்கே வந்தார்கள். அவர்களைக் குடியமர்த்தவே 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. இன்று டான்டீ என்று நீ கடையில் பார்க்கும் பொட்டலத்தின் வேர் அது. காட்டை அழித்து அந்தத் தோட்டங்கள் வந்தன என்பதும் உண்மை, நாடு நாடாகத் துரத்தப்பட்ட மக்களுக்கு அவை சோறு போட்டன என்பதும் உண்மை. இரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொள்ளப் பழகு. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பவர்களின் பேச்சை நம்பாதே.

முதுமலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1940-ல் சரணாலயமாகி, 2007-ல் புலிகள் காப்பகமான காடு. தெப்பக்காடு முகாமில் யானைகளுக்கு உணவு தரும் நேரத்தைப் பார்க்க அனுமதிக்கிறார்கள். 2023-ல் ஆஸ்கர் வாங்கிய குறும்படத்துக்குப் பிறகு அங்கே கூட்டம் பெருகிவிட்டது. அதில் வரும் பொம்மனும் பெள்ளியும் காட்டுநாயக்கர்கள். ஒரு குட்டியை வளர்க்க அவர்களுக்கு உதவியது தலைமுறையாகக் கைமாறி வந்த அறிவு. யானையைப் பார்க்கும்போது பக்கத்தில் நிற்கும் பாகனையும் அவருக்கு உதவியாளரான காவடியையும் பார். அவர்கள் கவளம் உருட்டும் விதத்தைப் பார், யானையிடம் பேசும் தொனியைக் கேள். காட்டுக்குள் போக வனத்துறையின் வண்டி இருக்கிறது. அதைத் தவிர வேறெதிலும் ஏறாதீர்கள். மசினகுடியில் இரவில் ஜீப்பில் கூட்டிப்போய் விலங்கு காட்டுகிறேன் என்று யாராவது வந்து பேசினால் முகம் கொடுக்காதீர்கள். அது சட்டத்துக்கு விரோதம். சீகூர் பீடபூமி யானைகள் ஒரு காட்டிலிருந்து மறு காட்டுக்குப் போகும் வழி. அந்த வழித்தடத்தைக் காக்க 2020-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளிக்க வேண்டிவந்தது. அடுத்த ஜனவரியில், அதே மசினகுடியில், தங்கும் விடுதி ஒன்றின் பக்கம் வந்த யானைமீது யாரோ நெருப்பை எறிந்தார்கள். அந்த யானை இறந்துபோனது. இதை உன்னை வருத்தப்படுத்த எழுதவில்லை. நாம் கொடுக்கும் அறை வாடகை எங்கே போகிறது, அந்த அறை எந்த இடத்தில் நிற்கிறது என்று கேட்காமல் முன்பதிவு செய்யக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

சாலையில் காட்டெருமையோ யானையோ நின்றால் காத்திருக்க வேண்டும். ஒலிப்பான் அடிப்பது, இறங்கிப் படம் எடுப்பது, குரங்குக்குத் தின்பண்டம் போடுவது எதுவும் கூடாது. சிறிய பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களுக்கு இந்த மாவட்டத்தில் தடை இருக்கிறது. ஆளுக்கொரு சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள். நிரப்பிக்கொள்ளச் சாலையோரம் குடிநீர் இயந்திரங்கள் வைத்திருக்கிறார்கள். ஜனவரியில் விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருக்கும். கம்பளிச் சட்டை, காதுக்குத் துணி, வழுக்காத செருப்பு அவசியம்.

அப்படியானால் உன் பட்டியல் இப்படி ஆகிறது. ஒரு நாள் ரயில், முத்தோரை பாலாடா, தாவரவியல் பூங்கா. பூங்கா 1848-லிருந்து இருக்கிறது. எந்தெந்த நாட்டு மரங்கள் இந்த மலைக்கு வந்து சேர்ந்தன என்று பெயர்ப் பலகையோடு பார்க்க அதைவிடத் தோதான இடம் இல்லை. மறுநாள் லாங்வுட் சோலை, கன்னேரிமுக்கு, கொடநாடு. தங்குவது என் வீட்டில். மூன்றாம் நாள் கிடைத்தால் முதுமலை, கிடைக்காவிட்டால் அது அடுத்த முறைக்கு. மீதி இடங்கள் எங்கும் ஓடிப்போகாது.

உன் தோழிகள் இதற்கெல்லாம் சம்மதிப்பார்களா என்று நீ யோசிப்பாய். இந்தக் கடிதத்தை அவர்களுக்கும் படித்துக் காட்டு. கூட்டமாக வரும்போது ஒருவர் செய்யும் தவறை மற்றவர்கள் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவது வழக்கம். ஒருத்தி பாட்டிலை வீசினால், ஒருத்தி மந்துக்குள் கேட்காமல் நுழைந்தால், தடுத்துச் சொல்லும் ஆளாக நீ இரு. கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். பரவாயில்லை. நாளைக்கு ஒரு கட்டுமான இடத்தில், இந்த ஓடையை மூடிவிடலாம் என்று உன்னைவிட மூத்த ஒருவர் சொல்லும்போது, கூடாது என்று சொல்ல உனக்கு வாய் வர வேண்டும். அந்தப் பழக்கம் தோழிகளிடமிருந்து தொடங்கட்டும்.

வரும்போது ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டுவா. கொடநாட்டு வழியில் ஒரு சரிவை நீயே தேர்ந்தெடு. நீர் எங்கே இறங்குகிறது, எந்த மரம் எங்கே நிற்கிறது, சாலை எங்கே வெட்டுகிறது என்று வரைந்து, அந்தச் சாலையை நீ போட்டிருந்தால் என்ன மாற்றியிருப்பாய் என்று எழுது. உன் பேராசிரியரிடம் காட்டு, என்னிடமும் காட்டு. ஒரு சுற்றுலாவின் பலனாக அதைவிடப் பெரிதாக நான் எதையும் கேட்க மாட்டேன்.

ரயிலுக்குச் சீக்கிரம் பதிவு செய்யுங்கள், இடம் வேகமாக நிரம்பும். நாள் முடிவானதும் எனக்கு எழுது. லாங்வுட் அனுமதிக்கு நான் முன்கூட்டியே வனத்துறையில் கேட்டு வைக்க வேண்டும். அப்பாவிடமும் அம்மாவிடமும் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் அத்தை